லேப் அக்காவின் குளம்

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். சிலிண்டர் போட வருகிற ஆள்கூட "லேப் அக்கா ஊடு எதுங்க?" என்றுதான் விசாரிப்பார். சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, அதை விட்டுவிட்டு, நாமக்கல்லுக்கு வெளியே சைட் போட்டு விற்ற எங்கள் நகரில் எங்கள் வீட்டுக்கு அடுத்திருந்த பழைய வீட்டை வாங்கிக்கொண்டு தனியாக வந்தவர். பூர்வீகம் ஆத்தூர்ப் பக்கம். அதனால் எங்களைப் போல வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேச வராது. "தெரியாது", "இல்ல", "பாத்தேன்" என்று வெட்டு வெட்டாக வரும். புதிதாகக் கேட்கிறவர்களுக்குக் கோபத்தில் பேசுகிற மாதிரி இருக்கும். கோபம் இல்லை. பேச்சே அவ்வளவுதான்.

மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டிருக்கும் என் அம்மா, சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கேட்பார். "ஏனுங்க அம்முணி, மழ வருமா?"

"மேகம் இருக்கு."

"அது எனக்கும் தெரியுது. வருமா வராதான்னு சொல்லு."

"மேகம் இருக்கும்மா. அவ்வளவுதான் தெரியுது."

அம்மா முணுமுணுத்துக்கொண்டே வடகத்தை அள்ளுவார்.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பெரிய வம்பே வந்தது. பையன் சேலத்தில் அக்கா வேலை பார்த்த அதே கட்டடத்தில் மருந்துக்கடை வைத்திருந்தான். பெண்ணின் அப்பா வந்து, "பையன் எப்படிங்க, நல்லவனுங்களா?" என்று கேட்டிருக்கிறார். "கடையில பாத்திருக்கேன். சில்லறை சரியா குடுப்பாரு. மத்தபடி எனக்குத் தெரியாது" என்று அக்கா சொல்லி அனுப்பிவிட்டார். அந்த 'மத்தபடி'யில் என்னமோ இருக்கிறது என்று அவர்களாக நினைத்துக்கொண்டு சம்பந்தத்தையே விட்டுவிட்டார்கள். பிறகு யாரோ அக்காவிடம் இதைச் சொன்னபோது நிஜமாகவே திகைத்துப்போனார். "நான் எதையும் மறைக்கலையே. தெரியாததைத் தெரியாதுன்னேன்" என்று இரண்டு நாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு குளம் இருந்தது. முன்பு அந்த வீட்டில் இருந்தவர்கள் கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஆசைப்பட்டு வெட்டியது. கருங்கல் பதித்து, நடுவில் ஆள் நின்றால் நெஞ்சளவு ஆழம். அக்கா வந்த பிறகு அதில் அல்லி வந்தது, தவளை வந்தது, தட்டான் வந்தது. அதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். அவருக்கு வேண்டியது தண்ணீர். ஏதோ கல்லூரியை மூடியபோது ஏலத்தில் எடுத்த பழைய மைக்ராஸ்கோப் ஒன்றைச் சமையலறை ஜன்னல் ஓரம் மேடைமேல் வைத்திருந்தார். காலையில் வாசல் கூட்டிக் கோலம் போட்டதும் டிராப்பரில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து வந்து, ஒரு சொட்டைக் கண்ணாடிமேல் விட்டுக் குனிந்து உட்கார்ந்தாரென்றால், அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாது. எங்கள் வீட்டுக்கே தீய்ந்த வாசனை வரும்.

போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஆனால் இது இன்னது என்று சொல்ல மாட்டார். "பாரு. என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எனக்கு முதல் தடவை ஒன்றுமே தெரியவில்லை. என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. அதைச் சொன்னதும், "சரியா சொன்ன" என்றார். பிறகு கண் பழகியதும் செருப்பு மாதிரி ஏதோ சறுக்கிக்கொண்டு போனது. காம்பு வைத்த மணி மாதிரி கொத்தாக நின்ற ஒன்று, தொட்டால்சிணுங்கி போல் சட்டென்று சுருண்டு, மறுபடி மெதுவாக நீண்டது. ஒரு சொட்டுக்குள் அத்தனையும் ஒன்றையொன்று துரத்தித் தின்றுகொண்டிருந்தன. "சண்டை போடுதுங்களா?" என்றேன். "ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள போச்சு. சண்டையான்னு தெரியாது" என்றார்.

என் தம்பிக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. தம்பி திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் ரிக் வண்டியில் வேலை. போர்வெல் போட வண்டியோடு ஒடிசா, சட்டீஸ்கர் என்று போனால் மாதக்கணக்கில் வர மாட்டான். வந்தால் வீட்டில் இருக்க மாட்டான், சுவர் ஏறிக் குதித்து அக்கா சமையலறையில் இருப்பான். ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினான்.

"அக்கா, இது நம்ம ரிக்குங்கக்கா! தலையில தொளை போடுற பிட்டு சுத்துது பாருங்க!"

"சுத்துதா? நல்லா பாரு."

நெடுநேரம் பார்த்தான். "சுத்துற மாதிரிதான் இருக்குதுங்க."

"மாதிரி. அந்த வார்த்தையை விடாத. தலையைச் சுத்தி மயிரு வரிசையா இருக்கு. ஒண்ணு மாத்தி ஒண்ணு அசையுது. அதான் சுத்துற மாதிரி தெரியுது."

அதற்கப்புறம் வடக்கே இருந்து போன் பண்ணும்போதெல்லாம், அம்மாவிடம் பேசி முடித்ததும், "லேப் அக்காகிட்டக் குடு" என்பான். "அக்கா, என்ர ரிக்கு எப்படி இருக்குது?" என்று கேட்பான். அவர் அதற்கும் நேராகத்தான் பதில் சொல்வார். "நீ பாத்தது செத்திருக்கும். அதுக்கு ஆயுசு கம்மி. இப்ப வேற இருக்கு." தம்பி அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பது எங்களுக்குக் கேட்கும்.

அந்தக் கோடையில் மாரியம்மன் நோம்பிக்கு வந்தான். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். வருகிற வழியில் வண்டிக்காரர்கள் எல்லோருமாக ஏதோ வாய்க்காலில் குளித்திருக்கிறார்கள். திருச்செங்கோட்டில் சிநேகிதன் தோட்டத்துக் கிணற்றிலும் ஒருநாள் விழுந்து நீந்திவிட்டு வந்தான். அக்கா குளத்தில் தண்ணீர் பாதியாக வற்றி, பாசியும் அல்லிக் கிழங்குமாக அடைந்து கிடந்தது. "நான் எறங்கி அள்ளிப் போடுறேனுங்க்கா" என்று டவுசரோடு இறங்கிவிட்டான். வெதுவெதுவென்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே தலையை முக்கி முக்கிக் கிழங்கைப் பிடுங்கினான். அக்கா கரையில் உட்கார்ந்து அவன் தருவதையெல்லாம் பக்கெட்டில் வாங்கிப் போட்டார். மூக்கிலும் காதிலும் சேற்றோடு அவன் எழுந்து நின்ற கோலத்தைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

சில நாள் கழித்துத் தம்பிக்குத் தலைவலி வந்தது. வெயில் சூடு என்று நினைத்தோம். மறுநாள் காய்ச்சல், வாந்தி. ஜன்னலைச் சாத்து, வெளிச்சம் குத்துது என்றான். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே சேர்த்த பிறகு அவன் எங்களை அடையாளம் கண்டு பேசியது ஒரே ஒரு தடவை. அம்மாவைப் பார்த்து, "வண்டி கெளம்பிருச்சா?" என்று கேட்டான். அவ்வளவுதான்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரில் அமீபா இருக்கிறது, சூடான தேங்கிய தண்ணீரில் இருப்பது, மூக்கு வழியாக மூளைக்குப் போய்விடும், எப்போதோ யாருக்கோ ஒருத்தருக்கு வரும், வந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார். "சமீபத்துல எங்க குளிச்சாரு?" என்றார். வாய்க்காலையும் கிணற்றையும் சொன்னேன். அக்கா வீட்டுக் குளம் என் நினைவுக்கே வரவில்லை. அது வீட்டோடு இருப்பது, குளித்த கணக்கிலேயே வராது.

அந்த வாரம் முடிவதற்குள் தம்பி போய்விட்டான். இருபத்தாறு வயது.

அம்மா அந்த வாய்க்காலைத் திட்டிக்கொண்டே அழுதார். எந்த ஊர் என்றுகூட எங்களுக்குத் தெரியாத வாய்க்கால். "என்ர பையன முழுங்கிருச்சே, அது வத்திப்போகோணும், மண்ணாப் போகோணும்" என்று. பக்கத்தில் லேப் அக்கா உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். அம்மாவுக்குச் சோறு ஊட்டியதுகூட அவர்தான்.

கருமாதி முடிந்த மறுநாள் அக்கா வந்தார். உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்றார். கூடத்தில் நானும் அம்மாவும் மாமாவும் இருந்தோம். மாமா என்றால் அம்மாவின் அண்ணன், லாரி வைத்திருப்பவர், எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அவர் வார்த்தைப்படிதான்.

"அவன் என் குளத்துலயும் இறங்கினான்" என்றார் அக்கா. "தண்ணியையும் அடிச் சேத்தையும் எடுத்துப் பாத்தேன். அமீபா இருக்கு. பேட்டரிக்கு ஊத்துற சுத்தத் தண்ணியில போட்டு வச்சேன். சிலது வால் முளைச்சு நீந்துது. அவனுக்கு வந்த வகையறா அப்படித்தான் பண்ணும்."

மாமா எழுந்துவிட்டார். அம்மாவுக்குப் புரியவே சற்று நேரம் ஆனது.

"அப்ப உன்ர குளந்தானா?"

"தெரியலம்மா. அந்த வகையறாவுல ஒண்ணும் செய்யாததுதான் அதிகம். அதுவா இதுவான்னு என் மைக்ராஸ்கோப்புல பிரிச்சுப் பாக்க முடியாது."

"அப்ப உன்ர குளம் இல்லியா?"

"அதுவும் தெரியலம்மா."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அன்று முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. எங்கேயோ இருந்த வாய்க்கால் இப்போது எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் அல்லிப் பூ தெரியும்.

"ஆரும் கேக்கலியே, இந்தப் பொம்பளைக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று மாமா குதித்தார்.

சாயங்காலம் நான் போய்ச் சுவரோரம் நின்று கேட்டேன். "ஏங்க்கா வந்து சொன்னீங்க? ஆரும் உங்களச் சந்தேகப்படலியே."

அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "உங்கம்மா வாய்க்காலைத் திட்டுறப்ப நான் தலையாட்டிட்டு உக்காந்திருந்தேன். தினம் தலையாட்டினேன். அதுக்கு மேல முடியல" என்றார். அந்த ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

அவரே சுகாதாரத் துறைக்கும் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். ஒருவர் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார். கொஞ்ச நாளில், அதில் அந்த அமீபா இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மாமாவுக்கு அப்பாடா என்று ஆகிவிட்டது. அவர் முரட்டு ஆள், கெட்ட ஆள் இல்லை. தங்கச்சி இப்படிப் பட்டினி கிடந்து செத்துவிடுவாளோ என்ற பயம் அவருக்கு. அவரே அக்கா வீட்டுக்குப் போய், "சர்க்காரே இல்லைன்னு சொல்லிட்டாங்கல்ல. வந்து என்ர தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றார்.

"அந்தப் பாட்டில்ல இல்ல. அன்னிக்கு இருந்த தண்ணி வேற" என்றார் அக்கா.

மாமா தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

அம்மாதான் கடைசியில் கோயிலுக்குக் கூப்பிட்டது. எங்கள் பக்கத்தில் தீராத வழக்கு என்றால் மாரியாத்தா முன்னால் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணுவார்கள். பண்ணிவிட்டால் அதற்குமேல் யாரும் பேசக் கூடாது. அம்மாவுக்கு அவரைத் தண்டிக்க வேண்டும் என்று இல்லை. 'என் குளம் இல்லை' என்று அவர் சத்தியம் பண்ணிவிட்டால், தான் எழுந்து உட்கார்ந்து சோறு தின்னலாம் என்று நினைத்தார். என்னிடம் அப்படித்தான் சொன்னார்.

அக்கா வந்தார். தட்டில் கற்பூரம் எரிந்தது. தெருவே நின்றது. மாமா கும்பிடாத குறையாகச் சொன்னார்: "இல்லைன்னு சொல்லி அணைங்க அம்முணி. ஒரு வார்த்தை. எல்லாம் முடிஞ்சிரும்."

அக்கா கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இல்லன்னு சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையா இருக்கு" என்றார். "நீங்க நினைக்கிறதைவிட ஆசையா இருக்கு. ஆனா எனக்குத் தெரியாது."

"அப்ப ஆமாம்னு சொல்லு!" என்று அம்மா கத்தினார். "ஆமான்னாச்சும் சொல்லித் தொலை! உன்னத் திட்டிட்டாவது கெடக்கறேன்!"

"அதுவும் தெரியாதும்மா."

கற்பூரம் தானாகவே அணைந்தது. அம்மா குனிந்து கோயில் வாசல் மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அவர்மேல் தூற்றினார். "நீ நல்லாவே இருக்க மாட்ட!" அக்கா முகத்தைத் துடைக்கவில்லை. தலைமுடியெல்லாம் மண்ணோடு, அப்படியே தெரு வழியாக நடந்து வீட்டுக்குப் போனார். யாரும் பின்னால் போகவில்லை.

மறுநாள் மாமா டிராக்டரில் கிராவல் மண் கொண்டுவந்தார். சண்டை வரும் என்று நாலு பேரையும் கூட்டி வந்திருந்தார். கேட்டைத் திறந்துவிட்டது அக்காதான். அல்லியை எடுத்துக்கொள்கிறீர்களா என்று டிரைவர் கேட்டதற்கு வேண்டாம் என்றார். மண் விழ விழத் தண்ணீர் கரைக்கு ஏறி வழிந்து தெருவுக்கு வந்தது. தவளைகள் தார் ரோட்டில் தாவித் தாவிப் போயின. அவர் ஜன்னலுக்குப் பின்னால் நின்று முழுவதையும் பார்த்தார். மைக்ராஸ்கோப் மேடைமேல் அப்படியே இருந்தது, அதன்மேல் பழைய தலையணை உறை ஒன்றைப் போட்டு மூடியிருந்தார்.

ஏன் அவர் அப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. வேலை பார்த்த இடத்தில் பட்ட அடியா, பிறவிக் குணமா, யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எவ்வளவோ பேர் சின்னச் சின்ன விஷயங்களுக்கு எவ்வளவோ பொய் சொல்கிறோம், அதில் பாதி பிறத்தியார் நன்மைக்குத்தான். அவரால் அது முடியவில்லை. அதை நல்ல குணம் என்று சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் முழுசாக வரவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் அம்மா அந்த ஒரு வருஷத்தில் பத்து வயது கூடியிருக்க மாட்டார்.

கொஞ்ச நாளில் அவர் வீட்டை விற்றுவிட்டு ஆத்தூரில் தன் தம்பி வீட்டோடு போய்விட்டார். வாங்கியவர் அந்த இடத்தில் கார் ஷெட் போட்டார்.

சில வருஷம் போன பிறகு அம்மாவுக்கு வயிறு வீங்கியது. சோறு இறங்கவில்லை, கண் மஞ்சளித்தது. ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் எங்களிடம் சொல்லிவிட்டார். அம்மாவிடம் வயிற்றுப் புண் என்று சொன்னோம். மாமா சொன்னார், "புண்ணுதான் சாமி, ஆறிப்போயிரும்." என் மனைவியும் அதையே சொன்னாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும், முகம் தெளிஞ்சிருக்குது, ஆடி கழிஞ்சா எழுந்து நடப்பீங்க என்றார்கள். அம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பார்.

ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். "அந்த லேப்புக்காரிய வரச் சொல்லு."

நான் தலையணையைச் சரிசெய்தேன்.

"வரச் சொல்லு சாமி. அவதான் சொல்லுவா."

போனில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மத்தியானம் பஸ் மாறி வந்து வாசலில் நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. உட்கார்ந்ததும் ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக முழுவதும் படித்தார். நாங்கள் யாரும் குறுக்கே போகவில்லை. மாமாவும் இருந்தார்.

"என்னன்னு சொல்லு" என்றார் அம்மா.

"புத்துநோய்ம்மா. கல்லீரல்ல. பரவிடுச்சு."

"பொழைப்பனா?"

"இல்லம்மா."

என் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வெளியே போனாள். அம்மா அழவில்லை. தலையை இரண்டு தடவை ஆட்டிக்கொண்டார். பல நாளாகக் காணாத ஒரு நிதானம் அந்த முகத்தில் வந்தது. சற்று நேரம் கழித்துக் கேட்டார்:

"என்ர பையனுக்கு... இப்பவாச்சும் தெரிஞ்சுதா?"

"இல்லம்மா. இனியும் தெரியாது. நானும் தெரியாமத்தான் சாவேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அம்மா, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றார் அக்கா. "இவளுக்குச் சோறு போடு. ராத்திரிக்கு இங்கயே இருக்கட்டும்" என்று என்னிடம் சொன்னார்.

அக்கா போகவே இல்லை. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டார். உடம்பு துடைத்தார், வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தார். வலிக்குமா என்று அம்மா கேட்டால், வலிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் திருப்பிப் படுக்க வைப்பார். அவர் இருக்கும்போது அம்மா தன் உடம்பைப் பற்றி வேறு யாரையும் எதுவும் கேட்பதில்லை. எங்களிடம் கேட்டதெல்லாம், மாமா வீட்டு மாடு கன்னு எப்படி, மழை பெய்ததா, அவ்வளவுதான்.

அம்மா போனது ஒரு காலை நேரம். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தோம். மூச்சு நீண்டு நீண்டு வந்து, ஒரு தடவை வந்தது, அப்புறம் வரவில்லை. வருமா வருமா என்று நின்றுகொண்டிருந்தோம். மாமாதான் அக்காவைப் பார்த்து, "போயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

அக்கா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். கழுத்தில் விரல் வைத்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு அம்மாவின் கையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஆமா" என்றார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் அழ ஆரம்பித்தோம்.